விழாப் பதிவில் ‘எக்ஸ்ட்ரா’ விற்பது: தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சங்கங்கள் கேட்கும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று எங்கே தமிழ் விழா நடந்தாலும் இப்போது பதிவு பெரும்பாலும் ஆன்லைனில்தான். டிக்கெட்டோடு பஸ், புத்தகம், பட்டறை, பலகாரப் பெட்டி என்று ஏதாவது ‘எக்ஸ்ட்ரா’வாகச் சேர்த்து விற்கலாமே என்று கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் படிவத்தில் நீங்கள் போடும் ஒவ்வொரு கட்டத்தையும் விழா அன்று யாரோ ஒருவர் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும், அல்லது செய்து தர வேண்டும். அதை மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். செயலாளர்கள், பொருளாளர்கள், பதிவு வேலை பார்க்கும் தன்னார்வலர்கள் அடிக்கடி கேட்பவை இவை.

எது டிக்கெட்டுக்குள் வர வேண்டும், எது எக்ஸ்ட்ரா?

அது இல்லாமலே ஒருவர் வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, விழாவில் முழுதாகக் கலந்துகொண்டு போக முடியுமா? முடியும் என்றால் எக்ஸ்ட்ரா. முடியாது என்றால் டிக்கெட்டுக்குள் போட்டுவிடுங்கள். இரவு விருந்துக்கு அழைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் தனி விலை போட்டால், கல்யாண வீட்டில் இலைக்குக் காசு கேட்ட மாதிரிதான் பேசுவார்கள். மாநாடு என்றால் மதிய உணவு, தேநீர், நிகழ்ச்சி நிரல் மூன்றும் டிக்கெட்டில் அடங்க வேண்டும். மறுநாள் காலைச் சுற்றுலா, கோலப் பட்டறை, விழா மலர் (நினைவுப் புத்தகம்), பலகாரப் பெட்டி, விமான நிலைய பஸ் இவையெல்லாம் எக்ஸ்ட்ரா.

சக்கர நாற்காலிக்கு இடம், காது மந்தமானவருக்கு முன்வரிசை, துணைக்கு வருபவருக்கு ஒரு நாற்காலி என்பவை எக்ஸ்ட்ராவே அல்ல. அவற்றுக்கு விலை போடாதீர்கள். பஸ்ஸுக்கும் டி-ஷர்ட்டுக்கும் நடுவில் வைக்காமல், படிவத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு சாதாரணக் கேள்வியாகக் கேளுங்கள்.

எத்தனை எக்ஸ்ட்ரா வைக்கலாம்?

மூன்று, மிஞ்சினால் நான்கு. பலரும் போனில்தான் பதிவு செய்கிறார்கள். ஐந்தாவது கட்டத்துக்கு வருவதற்குள் விரல் களைத்து, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று மூடிவிடுவார்கள். எக்ஸ்ட்ரா விற்காமல் போனால் போகட்டும், டிக்கெட்டே போய்விடும்.

நம்மவர்கள் எதை வாங்குகிறார்கள்?

வெளியூர்க்காரர்கள் சுற்றுலாவை வாங்குகிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்-3 சாலையில் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் காரோட்டி டர்பனுக்கு வருபவர் ஒரே இரவு விருந்தோடு திரும்பிப் போக விரும்புவதில்லை. மறுநாள் காலைக்கு இனாண்டா பக்கம் போகலாம். காந்தி 1904-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பும், 1994 தேர்தலில் மண்டேலா வாக்களித்த ஓலாங்கே பள்ளியும் அங்கேதான் இருக்கின்றன. டர்பன் ஊருக்குள்ளேயே போதும் என்றால் டெர்பி தெருவில் 1860 ஹெரிட்டேஜ் சென்டர் இருக்கிறது. ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து வந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கினார்கள் அல்லவா, அந்த வரலாற்றைப் பேசுகிற இடம். மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலையும் சேர்க்கலாம். ஆனால் ஈஸ்டர் வாரத்தில் அங்கே பூக்குழிக் கூட்டம் அலைமோதும், பஸ் நிறுத்த இடம் கிடைக்காது. விழா ஜோகன்னஸ்பர்க்கில் என்றால் பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மையின் சமாதி இருக்கிறது. சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை சென்று வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரியில் இறந்த அந்தப் பெண்ணின் கதையை அங்கே நின்று சொன்னால் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் போனைக் கீழே வைப்பார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு இது எதுவும் வேண்டாம். அவர்கள் வாங்குவது பலகாரம். தீபாவளிக்கு முந்தைய விழாவென்றால் பலகாரப் பெட்டி கட்டாயம் போடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பும் வழக்கம் இங்கே உயிரோடு இருக்கிறது, செய்ய நேரம்தான் இல்லை. அடுத்தபடியாக ஒரு மணி நேரப் பட்டறை: பூக்கட்டுதல், கோலம், தேவாரம். பதிகத்தை ரோமன் எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் தமிழ் படிக்கத் தெரியாத இளைஞர்களும் சேர்வார்கள்.

டி-ஷர்ட்? என் கருத்தில் வேண்டாம். அளவு கேட்க வேண்டும், அளவு மாற்றித் தர வேண்டும், எப்போதும் எக்ஸ்-எல் தீர்ந்து ஸ்மால் மிஞ்சும். இளைஞர் முகாமுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம்.

சைவம், அசைவம் கேட்பது எக்ஸ்ட்ராவா?

இல்லை. விலை ஒன்றுதான் என்றால் அது விருப்பத் தேர்வு. எக்ஸ்ட்ராக்களோடு கலந்தால் ‘சைவத்துக்கும் தனிக் காசா’ என்று போன் வரும். ஆனால் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பது மற்ற எல்லா எக்ஸ்ட்ராவையும் விட முக்கியம், ஏனென்றால் கேட்டரர் சமைப்பது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். செப்டம்பர் 24, ஹெரிட்டேஜ் தினம், விழா வைக்க வசதியான விடுமுறை. ஊரெல்லாம் பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பு புகையும் நாளும் அதுதான். ஆனால் அது புரட்டாசிக்குள் விழுகிறது. மற்ற மாதங்களில் மட்டன் பிரியாணி கேட்கிற குடும்பம் அந்த மாதம் முழுக்கச் சைவம். தைப்பூசத்துக்கு முன் காவடி விரதம், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்கள் என்று இன்னும் உண்டு. போன ஆண்டு விழாவின் சைவ எண்ணிக்கையை அப்படியே எடுத்து இந்த ஆண்டுக்குப் போட்டால், மாதம் மாறியிருந்தால் கணக்கு கவிழும்.

அப்புறம், ‘சைவம்’ என்ற ஒரே கட்டம் போதாது. விரதத்தில் இருப்பவருக்கு அசைவம் சமைத்த பாத்திரமும் கரண்டியும் ஆகாது. முட்டை சேர்த்த கேக் சைவமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறு. முஸ்லிம் நண்பர்களை அழைக்கும் விழாவென்றால் ஹலால் தேவைப்படும். அதனால் மூன்று கட்டங்கள்: ‘சைவம்’, ‘விரதச் சைவம் (தனிப் பாத்திரம், முட்டை கிடையாது)’, ‘ஹலால் கோழி பிரியாணி’. இந்த மூன்றையும் உண்மையிலேயே தர முடியுமா என்று கேட்டரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். தனிப் பாத்திரம் என்று எழுதிவிட்டு ஒரே மேசையில் பருப்புக் குழம்புக் கரண்டியை எல்லாத் தட்டுக்கும் மாற்றிப் போட்டால், விரதம் இருக்கும் ஆயா (பாட்டி) உங்கள் விழாவுக்கு மறுபடி வர மாட்டார். மற்ற ஆயாக்களையும் வர விடமாட்டார்.

விலை எப்படி முடிவு செய்வது?

பஸ்ஸை வைத்துப் பார்ப்போம். 22 இருக்கை வண்டிக்கு ஓட்டுநரோடு சேர்த்து 5,500 ராண்ட் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டிக்கும் ஒரு தன்னார்வலருக்கும் இரண்டு இடம் போக, விற்க 20. பொருளாளர் உடனே 5,500-ஐ 20-ஆல் வகுத்து 275 என்பார். அந்த விலையில் 20 இடமும் விற்றால்தான் செலவு அடையும். 14 பேர் மட்டும் வந்தால் 1,650 ராண்ட் சங்கத்தின் கையிலிருந்து போகும். அதனால் பாதிக்கு மேல், வண்டி நிறைவதற்குக் கொஞ்சம் கீழே ஒரு எண்ணிக்கையை எடுங்கள். 15 என்று எடுத்தால் தலைக்கு 367 வரும், 370 என்று வையுங்கள். 15 பேர் சேர்ந்தால் கை கடிக்காது. 20 பேர் சேர்ந்தால் 1,900 மிச்சம், குடிக்கத் தண்ணீரும் வழிக்கு வடையும் வாங்கலாம். குறிப்பிட்ட தேதிக்குள் 15 சேராவிட்டால் பயணம் ரத்து, முழுப் பணமும் திரும்பும் என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

மலர், பலகாரம் போன்ற பொருட்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். அடக்க விலை, சேதாரத்துக்குக் கொஞ்சம், கார்டு கட்டணம், அவ்வளவுதான். 99-இல் முடியும் விலை மட்டும் வேண்டாம். வாசலில் ரொக்கமாக வாங்கும்போது சில்லறைக்கு அலைய நேரும்.

படிவத்தில் எப்படி எழுதுவது?

‘இனாண்டா டூர் – 370 ராண்ட்’ என்று மட்டும் போட்டால் பத்து பேர் போன் செய்வார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

“ஞாயிறு காலை இனாண்டா சுற்றுலா. 8 மணிக்கு ஹால் வாசலிலிருந்து பஸ் கிளம்பும், 1 மணிக்குத் திரும்பும். பஸ்ஸும் வழிகாட்டியும் சேர்த்து ஒருவருக்கு 370 ராண்ட். மதிய உணவு கிடையாது. கொஞ்சம் நடக்க வேண்டும். சக்கர நாற்காலி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். 20 இடம் மட்டும். 10-ஆம் தேதிக்குள் 15 பேர் சேராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்.”

எது கிடைக்கும், எது கிடையாது, எப்போது, எங்கே, எத்தனை என்று எல்லாம் வந்துவிட்டது. ‘மதிய உணவு கிடையாது’ என்ற வரியை எழுதக் கமிட்டியில் கூச்சப்படுவார்கள். எழுதுங்கள்.

ஆங்கிலத்திலும் தமிழிலும் இரண்டையும் போடுவது நல்லது. இங்கே இளைஞர்கள் ஆங்கிலத்தில்தான் நிரப்புவார்கள். தமிழ் வரி பெரியவர்களுக்கு, சங்கத்தின் மரியாதைக்கும்.

பஸ் கட்டத்தை முன்கூட்டியே டிக் போட்டு வைத்தால் கூடுதலாக விற்குமே?

விற்கும், அப்புறம் சண்டையும் வரும். ‘வேண்டாம் என்று சொல்லாததால் வாங்கிவிட்டீர்கள்’ என்ற வகை வியாபாரத்தை 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தடுக்கிறது. டிக் போடுவது வருபவரின் விரலாக இருக்கட்டும். மொத்தத் தொகை கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஏறுவதும் இதே ரகம்தான். ஒவ்வொரு எக்ஸ்ட்ராவும் சேரும்போதே கூட்டுத்தொகை திரையில் மாற வேண்டும்.

சேர்த்து விற்பது வேறு விஷயம். பஸ்ஸும் பட்டறையும் ஒன்றாக வாங்கினால் 50 ராண்ட் குறைவு என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பஸ் வாங்கினால்தான் பட்டறை என்று கட்டிப் போடக்கூடாது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பாருங்கள். இரண்டையும் தனித்தனி விலையிலும் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை.

நாங்கள் லாபம் பார்க்காத சங்கம். இந்தச் சட்டமெல்லாம் எங்களுக்கும் உண்டா?

உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சங்கங்களும் கிளப்புகளும் தங்கள் உறுப்பினர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்குவதையும் அந்தச் சட்டம் வியாபாரப் பரிவர்த்தனையாகவே கணக்கில் வைக்கிறது (பிரிவு 5). ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்பது மேடைக்குச் சரி, ரசீதுக்கு ஆகாது.

ஒரே ஆள் குடும்பம் முழுக்கப் பதிவு செய்தால் எக்ஸ்ட்ரா யாருடையது?

அதிகம் குழப்பம் நடக்கும் இடம் இது. சாண்ட்டனில் இருக்கும் மகள் ஒரே மூச்சில் அம்மா, ஆயா, கணவர், இரண்டு பிள்ளைகள், தான் என்று ஆறு டிக்கெட் எடுக்கிறார். பஸ் கட்டத்தில் ‘3’ என்று போடுகிறார். ஞாயிறு காலை பஸ் வாசலில் நிற்கும் தன்னார்வலர் கையில் ‘பஸ்: 3’ என்றுதான் இருக்கிறது, யார் அந்த மூவர் என்று இல்லை. பேரன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். ஆயா கீழே கைப்பையோடு நிற்கிறார். ‘ஏறுங்க ஆயா’ என்று சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

அதனால் எக்ஸ்ட்ராக்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு ஆளோடு ஒட்டியவை: பஸ் இருக்கை, பட்டறை, சாப்பாட்டு விருப்பம், டி-ஷர்ட் அளவு. இவற்றை ஒவ்வொரு பெயருக்கும் கீழே தனித்தனியாகக் கேளுங்கள். பதிவோடு ஒட்டியவை: பலகாரப் பெட்டி, மலர், கார் நிறுத்துமிடம். இவற்றை மொத்தமாக ஒரு தடவை எண்ணிக்கை கேட்டால் போதும். ஆறு பேருக்கு ஆறு மலர் யாரும் வாங்குவதில்லை. பதிவுத் தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த வேறுபாட்டை அது புரிந்துகொள்ளுமா என்பதுதான். வண்ணமும் லோகோவும் பிறகு பார்க்கலாம்.

இருப்பைத் தாண்டி விற்றுவிட்டால்?

விற்காதபடி செய்வதே வழி. எண்ணிக்கை உள்ள ஒவ்வொரு எக்ஸ்ட்ராவுக்கும் வரம்பு போடுங்கள். கூகுள் ஃபார்ம் ஒவ்வொரு எக்ஸ்ட்ராவையும் தனித்தனியாக எண்ணி மூடாது. அதில் பஸ் விற்பவர்கள் 20-ஐத் தாண்டியது தெரியாமல் தூங்கி எழுந்திருப்பார்கள். வரம்பு வைக்கும் வசதியுள்ள தளத்தில் போடுங்கள், அல்லது தினமும் ஒருவர் உட்கார்ந்து எண்ணட்டும்.

அதையும் மீறி நடந்தால், நுகர்வோர் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி வாங்கிய பணத்தை, கட்டிய நாளிலிருந்து வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அதனால் அவருக்கு நேரடியாக ஏற்பட்ட செலவும் உங்கள் தலையில் விழலாம். உங்கள் கையை மீறிய காரணத்தால் இடமோ பொருளோ குறைந்து, அதை முன்கூட்டியே தெரிவிக்க முயன்றிருந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. வண்டி பழுதானால் உடனே எல்லோருக்கும் செய்தி அனுப்புங்கள், அனுப்பியதைச் சேமித்து வையுங்கள்.

கடைசித் தேதியும் எக்ஸ்ட்ராவுக்கு எக்ஸ்ட்ரா மாறும். பலகாரம் செய்பவருக்கு ஒரு வாரம், அச்சகத்துக்கு அதைவிட முன்னால், பஸ்ஸுக்கு அந்த 15 பேர் சேர்ந்தார்களா என்று முடிவு செய்யும் தேதி. டிக்கெட் விற்பனை விழா நாள் வரை ஓடலாம், எக்ஸ்ட்ராக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வர வேண்டும்.

இ.எஃப்.டி.யில் (வங்கி வழிப் பணமாற்றம்) கட்டுபவருக்கு இடம் எப்போது உறுதி?

பணம் கணக்கில் விழுந்தபின். கார்டிலோ பேஷாப்பிலோ (உடனடிப் பணமாற்றம்) கட்டினால் உடனே தெரியும். வங்கி விட்டு வங்கி சாதாரண இ.எஃப்.டி. என்றால் ஓரிரு வேலை நாள் ஆகும். வெள்ளி மாலை அனுப்பியது திங்கள்கூடக் காணாது. பெரியவர்கள் பலர் இன்னும் இதைத்தான் நம்புகிறார்கள், அதை நிறுத்தவும் வேண்டாம். பதிவானதும் இடத்தை மூன்று வேலை நாள் பிடித்து வையுங்கள், அதற்குள் பணம் வராவிட்டால் விடுங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் பி.ஓ.பி. (பணம் கட்டியதற்கான சான்று) படம் பணம் அல்ல. அனுப்பியவர் நம் அண்ணனாகவே இருந்தாலும் வங்கிக் கணக்கைப் பார்த்தபின் ‘உறுதி’ என்று சொல்லுங்கள். ரெஃபரன்ஸில் குடும்பப் பெயர் போடச் சொல்லாதீர்கள், பதிவு எண் போடச் சொல்லுங்கள். காரணம் கீழே, பதிவு மேசை பற்றிய பதிலில் இருக்கிறது.

மனம் மாறிப் பணத்தைத் திரும்பக் கேட்டால்?

முன்பதிவை ரத்து செய்யும் உரிமை வருபவருக்கு உண்டு. நியாயமான அளவு ரத்துக் கட்டணம் பிடிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு (நுகர்வோர் சட்டம், பிரிவு 17). பதிவு செய்துகொண்டவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாலோ அந்தக் கட்டணத்தையும் பிடிக்கக்கூடாது. ‘எந்த நிலையிலும் பணம் திரும்பாது’ என்று பெரிய எழுத்தில் போடும் சங்கங்கள் இந்தப் பிரிவை ஒரு தடவை படிக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால் ஏழு நாளில் திருப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடம், பயணம், உணவு, பொழுதுபோக்கு அதில் வராது. புத்தகமும் வராது. டி-ஷர்ட் வரும், அதிலேயே பெயர் அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கியிருந்தால் வராது. டி-ஷர்ட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம்.

டிக்கெட்டைத் தொடாமல் எக்ஸ்ட்ராவை மட்டும் ரத்து செய்ய வழி வையுங்கள். கால்வலி என்று சுற்றுலாவை விடும் தாத்தா விருந்துக்கு எப்படியும் வருவார்.

நன்கொடையை ஓர் எக்ஸ்ட்ராவாகப் போடலாமா?

போடலாம், நன்றாகவே வரும். தொகையை அவரே எழுதும்படி வெற்றுக் கட்டம் ஒன்றும், பழக்கத்துக்கு 50, 100, 200 என்று மூன்றும் வைத்தால் போதும். இதிலும் முன்கூட்டி டிக் கூடாது.

வரிச் சலுகை பற்றி மட்டும் கவனம். நன்கொடையாளர் வரிச் சலுகை பெற உதவும் 18ஏ ரசீது (வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு) தர, அந்தப் பிரிவின் கீழ் சார்ஸ் (வருவாய்த் துறை) அங்கீகரித்த அமைப்பாக இருக்க வேண்டும். கல்வி, மருத்துவம், சமூகநலப் பணிகள் 18ஏ-க்குத் தகுதியான பணிகளின் பட்டியலில் உண்டு, மத வழிபாடு இல்லை. ஆகவே வருமான வரி விலக்குப் பெற்ற கோயிலாக இருந்தாலும் 18ஏ இல்லாமல் இருக்கலாம். அங்கீகாரம் இருந்தாலும் ரசீது உண்மையான நன்கொடைக்கு மட்டும்தான். விருந்து டிக்கெட், பஸ், மலர் வாங்கிய பணத்துக்குக் கிடையாது; அங்கே அவர் பொருள் வாங்கியிருக்கிறார். ஆகவே ரசீதில் நன்கொடைத் தொகை தனியாகத் தெரிய வேண்டும்.

பரிசுக் குலுக்கல் சீட்டைப் படிவத்தில் விற்பதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பொதுமக்களிடம் விற்கும் குலுக்கல் என்றால் லாட்டரிச் சட்டம் குறுக்கே வரும். தேசிய லாட்டரி ஆணையத்திடம் போகாமல் அதைத் தொடாதீர்கள்.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) போட வேண்டுமா?

சங்கம் வாட்டில் பதிவு செய்திருந்தால் மட்டும். அப்போது 15 சதவீதம், காட்டும் விலைக்குள் அடங்கியிருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் ‘வாட்’ என்ற சொல்லே ரசீதில் வரக்கூடாது.

நாங்களே வண்டி ஓட்டினால் மலிவாகுமே?

கமிட்டி உறுப்பினரின் குவாண்டம் மினிபஸ்ஸில் ஆளுக்கு 370 வாங்கி ஏற்றிச் செல்வது கட்டணப் பயணம். ஓட்டுபவருக்குத் தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வண்டிக்கு உரிய இயக்க அனுமதியும் தேவை. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் அவற்றைத்தான். உரிமம் உள்ள வண்டியையே எடுங்கள்.

படிவத்தில் வரும் தகவல்களை என்ன செய்வது?

2021 ஜூலை 1 முதல் போபியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டத்துக்கு எல்லோரும் உட்பட்டாக வேண்டும். எக்ஸ்ட்ரா விற்கும்போது நாம் அறியாமலே நுணுக்கமான தகவலைச் சேகரிக்கிறோம்: ஹலால், விரதம் என்றால் மதம், வேர்க்கடலை ஒவ்வாமை, சக்கர நாற்காலி என்றால் உடல்நலம். இந்த இரண்டு வகையையும் சட்டம் தனியாகக் காக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆகவே தேவையானதை மட்டும் கேளுங்கள், எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். கேட்டரருக்குப் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். முழுப் பட்டியலை முப்பது பேர் உள்ள வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. விழா முடிந்து கணக்கு முடித்ததும் உணவு, ஒவ்வாமைப் பகுதியை அழித்துவிடுங்கள்.

பதிவு முடித்தவருக்குப் பிறகு எக்ஸ்ட்ரா விற்கலாமா?

ஒரு தடவை கேட்கலாம், அதுவும் பதிவின்போதே ‘செய்தி அனுப்பலாம்’ என்று அவர் டிக் போட்டிருந்தால். பதிவு செய்யும்போது பலருக்குப் பயணத் திட்டம் முடிவாகியிருக்காது. விமான டிக்கெட் எடுத்தபிறகுதான் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது என்ற நினைப்பே வரும். நகரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், இரவு என்றால் யோசிப்பார்கள். விமான நிலைய பஸ்ஸுக்கு இந்த இரண்டாவது செய்திதான் அதிகம் விற்றுத் தரும். பழைய பதிவைத் திறந்து எக்ஸ்ட்ரா மட்டும் சேர்க்கும் இணைப்பு அதில் இருக்கட்டும். இல்லையென்றால் புதிதாகப் பதிவு செய்து இரண்டு டிக்கெட் வாங்கிவிடுவார்கள்.

விழா அன்று பதிவு மேசையில் எப்படிக் கையாள்வது?

பட்டியலைக் குடும்பப் பெயர்ப்படி அடுக்காதீர்கள். நம் விழாவில் கோவெண்டர் ஒரு பக்கம் முழுக்க வரும், நாயுடு ஒரு பக்கம், பிள்ளை, மூட்லி, படையாச்சி ஆளுக்கு அரைப் பக்கம். ‘எஸ். கோவெண்டர்’ என்று தேடினால் எட்டு பேர் கிடைப்பார்கள், எட்டுப் பேருக்கும் வேறு வேறு எக்ஸ்ட்ரா. பதிவு எண்ணால் அடுக்குங்கள். எண்ணை மறந்து வருபவர்களுக்காக செல்போனின் கடைசி நாலு எண்களால் அடுக்கிய இன்னொரு பட்டியலும் கையில் இருக்கட்டும்.

இரண்டு பட்டியலையும் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள். ஹாலுக்குள் சிக்னல் கிடைக்காது, மின்சாரம் போகலாம், க்யூ-ஆர் ஸ்கேன் செய்யும் போனில் சார்ஜ் இருக்காது. பெயர் அட்டையில் சின்ன வண்ணப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டினால் யாரையும் நிறுத்திக் கேட்க வேண்டாம்: பச்சை பஸ், மஞ்சள் பட்டறை, சிவப்பு விரதச் சைவம். பரிமாறும் பையன் தட்டை நீட்டும்போதே அட்டையைப் பார்த்துக்கொள்வான்.

பலகாரப் பெட்டியை வந்தவுடன் கொடுக்காதீர்கள். நாலு மணி நேரம் மேசைக்கடியில் காலில் இடிபட்டு, போகும்போது மறந்தும் போவார்கள். கிழித்துக் கொடுக்கும் கூப்பன் ஒன்றை அட்டையோடு வைத்து, வெளியே போகும் வாசலில் தனி மேசை போட்டுக் கொடுங்கள். அந்த மேசைக்குச் சிரிக்கத் தெரிந்த, ஆனால் ‘கூப்பன் எங்கே அங்கிள்’ என்று கேட்கத் தயங்காத ஒரு அக்காவை உட்கார வையுங்கள்.

மிஞ்சியதையும், வாங்கிவிட்டு எடுக்காமல் போனதையும் என்ன செய்வது?

இரண்டும் வேறு. மிஞ்சிய பலகாரப் பெட்டியை விருந்து முடியும் நேரத்தில் மேடையில் அறிவித்து விற்றுவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். காசு கட்டியும் எடுக்காமல் போன பெட்டி அவருடையது. அன்றிரவே போன் செய்து கேளுங்கள், கேட்காமல் விற்க வேண்டாம். மலர் என்றால் அவசரமில்லை, பெயர் எழுதி ஒரு மாதம் வைத்திருந்து, அடுத்த வகுப்புக்கோ பூசைக்கோ அவர் வரும்போது கொடுத்துவிடலாம்.